பிராக் மணிக்கூடு சொன்ன ஆடி மாதம்

பன்னிரண்டு வருடம் பத்திரிகையில் பிழை திருத்தியவன் நான். அதனால்தான் என்னுடைய பிழையை முப்பத்தெட்டுப் பேர் முன்னால், உரத்த குரலில் செய்ய முடிந்தது.

ஜூன் கடைசி வாரம். எனக்கும் துர்க்காவுக்கும் கல்யாணத்துக்குப் பத்து நாள். பாரிஸுக்குப் பக்கத்துக் கார்ஜில் சால், அதாவது கல்யாண மண்டபம், பிடித்தாயிற்று, அழைப்பிதழ் அச்சாயிற்று. அந்த நேரம் பார்த்து மாமனாராக வரப்போகிறவர் பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் இருந்து பிராக்குக்கு ஒரு பஸ் சுற்றுலா ஒழுங்கு செய்தார். வழிகாட்டிக்குத் தனிக் காசு கேட்டார்களாம்.

"எங்கட மாப்பிள்ளை பேப்பர்காரன். அவர் விளங்கப்படுத்துவார்" என்று சொல்லிவிட்டார்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். (சொல்லவில்லை. துர்க்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.)

பிராக்கில் பழைய நகர மண்டபத்தின் முன்னால் நின்றேன். ஊரார் முதலில் மூலைவீடு ஒன்றை வாங்கினார்கள், பிறகு பக்கத்து வீடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். அதனால்தான் முகப்பு ஒன்றுக்கொன்று ஒட்டாத வீடுகள் போல் இருக்கிறது என்றேன். இரண்டாம் உலகப் போரின் கடைசி நாட்களில் எரிந்த பகுதியைத் திருப்பிக் கட்டவில்லை என்று வெற்றிடத்தைக் காட்டினேன். எல்லாம் சரியான தகவல். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

மாமா கோபுரத்து மணிக்கூட்டைக் காட்டினார். "தம்பி, உந்த வளையத்திலை கிடக்கிறது ராசியளோ?"

"ஓம் மாமா. அந்தத் தங்கச் சூரியன் நிற்கிற இடம்தான் இன்றைய ராசி. இப்ப கடகம்."

மாமாவின் முகத்தில் இருந்த சிரிப்பு நின்றது.

"கடகத்திலை சூரியன் எண்டால் ஆடியெல்லே?"

ஆடியில் கல்யாணம் கிடையாது. வீட்டுக் கலண்டரில் ஆனி. என் வாயிலோ ஆடி. மேலே மணிக்கூட்டின் பக்கத்தில் நிற்கும் எலும்புக்கூட்டுப் பொம்மை மணி அடித்தது. கூட்டத்தில் எவரும் படம் எடுக்கவில்லை.

துர்க்கா என் காதருகே வந்தாள். "உங்களுக்கு ஏன் இந்த வேலை?"

மாமா அங்கேயே நின்று லா சப்பல் ஐயருக்குத் தொலைபேசி எடுத்தார். ஐயர் ஆனிதான் என்றார். பஸ்ஸில் நானும் தேடிப் படித்தேன்: வெள்ளைக்காரரின் ராசி எங்களுடையதைவிட மூன்று வாரத்துக்கு மேல் முந்தி ஓடுகிறது. அதை மாமாவுக்கு விளக்கினேன்.

"ஐயர் பொய் சொல்ல மாட்டார். ஆனா அறுநூறு வருசமா நிக்கிற மணிக்கூடு பொய் சொல்லுமோ?" என்றார் மாமா. "ரெண்டுக்கும் பொதுவா ஒரு நாள் பாப்பம்."

பாரிஸ் வரும்வரை நான் கண்மூடவில்லை. பொது நாள் இல்லாவிட்டால்? எங்கள் ஆடி ஓகஸ்ட் பதினாறு வரை. மணிக்கூட்டின் கணக்கிலோ ஓகஸ்ட் இருபத்து மூன்றில் புரட்டாசி தொடங்கிவிடும். அதிலும் கல்யாணம் இல்லை. இடையில் கிடைத்தது ஆறே நாள். அதில் ஒரு சனிக்கிழமை இருந்தது.

முந்நூறு அழைப்பிதழிலும் தேதியை நானே பேனாவால் வெட்டித் திருத்தினேன். (தொழில் கைகொடுத்தது.) அந்தச் சனிக்கிழமை பாரிஸ் முழுக்க விடுமுறையில் போயிருந்தது. தாலி கட்டியபோது சாலில் வந்தவர்களைவிடக் கதிரைகள்தான் அதிகம். வடை மூன்று நாளைக்குக் காணும் அளவு மிஞ்சியது.

இரண்டு வருடம் கழித்து மகள் பிறந்தாள். பிரசவ அறைக்கு வெளியே நின்று மாமாவைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"மாமா, பொம்பிளைப் பிள்ளை! ரெண்டு பேரும் சுகம். பிறந்த நேரம்..."

"பொறும் தம்பி, பொறும்! சாதகம் எழுத வேணும். நேரத்தை நேர்ஸைக் கேட்டுச் சொல்லும். நீர் மணிக்கூடு பாக்காதையும்!"