தற்செயலாக மான் பார்க்கப் போனவர்கள்

"ஒரு மானையும் காணமே அண்ணாச்சி," என்று வன்னியராஜ் வாட்ச்சைப் பார்த்தார். "பத்து நிமிசம் பாப்போம். பொறவு நானும் மகேஷும் கிளம்புதோம்."

வல்லநாட்டு வெளிமான் சரணாலயத்துக்குப் பெருமாள்ராஜ் மான் பார்க்கவா வந்தார்? "காபித் தட்டோட யார் முன்னாலயும் வந்து நிக்க மாட்டேன்" என்று மகள் நித்யா ஆறு வரன்களைத் திருப்பி அனுப்பிவிட்டாள். தாயில்லாப் பிள்ளை, அதட்டவும் மனசு வராது. வெளிமான் பார்க்கணும் என்று அவள் ஒரு நாள் கேட்டதும் மனிதர் திட்டம் போட்டுவிட்டார். புதுத் தரகர் கொண்டுவந்த ஏழாவது வரனான மகேஷைத் தற்செயலாகச் சந்திப்பதுபோல இங்கே சந்திக்க வைப்பது. விஷயம் தெரிந்தவர்கள் அவரும் மகேஷின் அப்பா வன்னியராஜும் மட்டும்.

மான் வந்தால்தான் வன்னியராஜ் நிற்பார். பெருமாள்ராஜ் மூச்சு வாங்கக் காட்சிக் கோபுரத்தில் ஏறினார். தூரத்துப் புல்லில் முறுக்குக் கொம்போடு ஓர் ஆண்மான் நின்றது.

"அண்ணாச்சி, அந்தா நிக்கு."

ஊருக்கே கேட்கும்படி அவர் கத்தியதில், புதருக்குள் படுத்திருந்த மான்களும் எழுந்து ஓடிவிட்டன.

"எப்பா, சத்தம் போடக்கூடாதுன்னு எழுதிப் போட்டிருக்கு," என்றாள் நித்யா.

சரி, தேடிப் போவோம் என்று வன்னியராஜைப் புதர்களுக்குக் குறுக்கே கூட்டிப்போனார். உடைமுள் வன்னியராஜின் புது வேட்டியை முழங்கால்வரை கிழித்தது.

"இதுக்குத்தான் கூப்பிட்டீயளா அண்ணாச்சி?"

இனி நேராக விஷயத்தில் இறங்கிவிட வேண்டியதுதான். "தம்பி, அந்தப் பைனாகுலர எம்பிள்ளைக்கும் கொஞ்சம் குடுங்களேன்," என்றார் மகேஷிடம்.

"முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட நான் எதுவும் வாங்க மாட்டேன்ப்பா," என்றாள் நித்யா. மகேஷ் மரியாதையாக நான்கடி தள்ளிப்போய் நின்றுகொண்டான்.

பெருமாள்ராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏழாவதும் கைநழுவுகிறது, அதுவும் தன் கோமாளித்தனத்தால். அங்கிருந்த வனத்துறை வாட்சர் முகம்மது மைதீனை ஓரமாக இழுத்துப்போய் எல்லாவற்றையும் கொட்டினார்.

"எப்படியாவது ஒரு மானக் காட்டுங்க பாய். அந்தச் சாக்குலயாவது ரெண்டும் நாலு வார்த்தை பேசட்டும்."

மைதீன் நித்யாவையும் மகேஷையும் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"நான் சொல்லக்கூடாது அண்ணாச்சி. ஒரு வருசமா ஞாயித்துக்கிழமை தவறாம ரெண்டு பேரும் சேந்துதான் இங்கன வருதாவ. 'தரகர நாங்கதான் அனுப்பினோம், அடுத்த வாரம் ரெண்டு அப்பாமாரையும் கூட்டியாரோம், எங்களத் தெரியாத மாதிரி இருந்துக்கிடுங்க'ன்னு போன வாரம்தான் சொல்லிட்டுப் போனாவ."