தரங்கம்பாடிச் சதுக்கத்தில் ஓர் அறுபதாம் கல்யாணம்

முனிச்சாலை, மதுரை
வெள்ளிக்கிழமை காலை

அன்புள்ள தம்பி ராஜாராமுக்கு,

அக்கா சுந்தரவல்லி எழுதுவது. நான் நலம், இரத்த அழுத்தம் நூற்று முப்பதுக்கு எண்பது. ஈரப் பட்டோடு கடற்காற்றில் நின்றதால் உனக்கும் பிருந்தாவுக்கும் பிடித்த சளி இதற்குள் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். அவனியாபுரத்தில் இருப்பவனுக்கு முனிச்சாலையிலிருந்து தபாலா என்று கேட்காதே. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உன் மகன் வெங்கடேஷ்பாபு கேட்டிருக்கும் விளக்கத்தைக் கட்டைவிரலால் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. நம் சௌராஷ்டிர மொழியில் சண்டை போடலாம், எழுதினால் உனக்குப் படிக்க வராது. ஆகவே தமிழில், கன்னியாஸ்திரீகள் கற்றுத்தந்தபடி இடப்பக்கம் ஓரம் விட்டு எழுதுகிறேன்.

உன் அறுபதாம் கல்யாணத்தன்று தாலியோடு நான் காணாமல் போனது வயதினால் வந்த மறதிதான் என்று எழுதித் தர வேண்டும், அப்போதுதான் பிருந்தாவின் அண்ணன் வீட்டார் சமாதானமாவார்கள் என்று குழுவில் போட்டிருக்கிறது. வியாழக்கிழமை ஞாபகசக்தி டாக்டரைப் பார்க்க வேண்டுமாம். பிறகு இந்த வீட்டைப் பூட்டிச் சாவியை உன்னிடம் கொடுத்துவிட்டு உங்கள் மாடி அறைக்கு வந்துவிட வேண்டுமாம். சரி. எழுதித் தருகிறேன். தாலி என் கைப்பையில் இருப்பதை மறந்துவிட்டேன். வருந்துகிறேன். ஆனால் பிருந்தாவின் அண்ணன் ஊரெல்லாம் சொல்லும் கதையில் தவறுகள் இருப்பதால், நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

திருக்கடையூருக்கு வேன் புறப்பட்ட அன்று புதுத் தாலியை யாரிடம் கொடுத்து வைப்பது என்று பேச்சு வந்தது. பிருந்தா வைத்த இடம் தெரியாமல் தேடுவாள், நீ தொலைத்துவிட்டு அவள் தொலைத்தாள் என்பாய். எல்லோருமாக யோசித்து, குடும்பத்திலேயே பொறுப்பான ஆள் என்று என்னிடம் கொடுத்தீர்கள். மஞ்சள் துணியில் சுற்றிப் பையின் உள்ளறையில் வைத்தேன். மறுநாள் காலை கோயிலில் உங்கள் இருவர் தலையிலும் கலசத் தண்ணீரை ஊற்றி முடித்ததும் நீ சொட்டச் சொட்ட என்னிடம் வந்தாய். "அக்கா, கோவிச்சுக்காத. தாலி கட்டுற நேரத்துல நீ எதிர்ல வேணாம். பிருந்தா வீட்டு ஆளுக ஒரு மாதிரி பேசுவாங்க. கொஞ்சம் தள்ளி உக்காந்துக்க" என்றாய். உன் அத்தான் போய்ப் பதினோரு வருடமாக நான் தள்ளித்தான் உட்கார்கிறேன், ஆனாலும் நீ சொல்வாய் என்று எதிர்பார்க்கவில்லை. "எம்புட்டுத் தள்ளி?" என்று கேட்டேன். நீ அளவு சொல்லவில்லை. தூண் பக்கம் போனேன். அங்கே யாருக்கோ எண்பதாம் கல்யாணம். போட்டோக்காரர், "அம்மா, படத்துல விழுறீங்க, கொஞ்சம் தள்ளுங்க" என்றார். தள்ளினேன். அங்கே இன்னொரு அறுபது, மாலைக்கூடையோடு ஒரு மாமி, "கொஞ்சம் அங்கிட்டுப் போங்களேன்" என்றாள். இப்படி ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மரியாதை கொடுத்துக்கொண்டே போனதில் கோபுர வாசலுக்கு வெளியே ஆட்டோ ஸ்டாண்டில் நின்றேன்.

அங்கே மஞ்சள் பலகையில் 'தரங்கம்பாடி' என்று எழுதியிருந்தது. உனக்குத் தெரியாது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில் எங்கள் கான்வென்ட் வகுப்பு முழுவதும் அந்த ஊருக்குச் சுற்றுலா போனது. கைக்குழந்தையான உனக்கு அம்மை போட்டிருந்தது. அம்மை போட்ட வீட்டிலிருந்து யாரும் படி தாண்டக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். பார்க்காத ஊரின் வரைபடத்தைப் போட்டுப் பத்துக்குப் பத்து வாங்கினேன்: மதில், நகர வாயில், நேர்த் தெரு, சதுக்கம், கோட்டை, கடல். அறுபது வருடமாக அந்தச் சதுக்கம் எனக்கு வரவேண்டியது.

ஆட்டோக்காரர் முத்துக்குமரன், "எங்கம்மா போவணும்?" என்றார். "தரங்கம்பாடி சதுக்கத்துக்கு." "பீச்சுக்கா?" "பீச் இல்ல. கோட்டைக்கு முன்னால ஒரு மைதானம் இருக்கும்." "அதாம்மா பீச்சு. ஏறுங்க." போகிற வழியெல்லாம் திருத்தினேன், அவர் திருந்தவில்லை. மதில் என்று பாடத்தில் இருந்ததில் மிச்சம் கொஞ்சம்தான். வாயில் மட்டும் வெள்ளையடித்து நேராக நிற்கிறது. உள்ளே போனால் தெரு நான் போட்ட கோடு போலவே ஓடி, ஒரு பெரிய வெளியில் போய் விழுகிறது. மூலையில் கோட்டை, அதற்கப்பால் கடல். இரண்டு ஆடுகளைத் தவிர என் வரைபடத்தில் இல்லாதது எதுவும் இல்லை. சிமெண்டுப் பெஞ்சில் நடுவாக உட்கார்ந்தேன். தள்ளச் சொல்ல ஒருவரும் இல்லை.

அங்கே ஒருவர் தன் குடும்பத்துக்கு, "இது இங்கிலீஷ்காரன் கட்டுன கோட்டை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? டென்மார்க்குக்காரர்கள் என்று எழுந்து சொன்னேன். ஆதாரம் கேட்டார். கொடுத்தேன். குடை முனையால் மண்ணில் வரைபடம் போட்டு விளக்கியதில் பதினைந்து இருபது பேர் சேர்ந்துவிட்டார்கள். போனை ஏன் எடுக்கவில்லை என்கிறாய். கோயிலுக்குள் சத்தத்தை அணைத்து வைக்கச் சொன்னது நீதான்.

மணி பத்தேகாலுக்கு நம் வேன் ஹாரனை அழுத்திக்கொண்டே சதுக்கத்துக்குள் வந்தது. அது வண்டிகள் வரக்கூடாத இடம். மாலையும் ஈரமுமாக நீ இறங்கினாய், பின்னால் தலைமுடி சொட்ட பிருந்தா, அவளுக்குப் பின்னால் அவள் அண்ணன். முத்துக்குமரனின் ஸ்டாண்டில் விசாரித்து வந்தீர்களாம். "அக்கா, தாலி எங்க?" "பையில." "எம்புட்டு நேரமா தேடுறோம் தெரியுமா?" அதற்குள் புரோகிதர் பீமாராவ் போனில். ஹோமத்தை விட்டு வர முடியாதென்று கோயிலிலேயே இருந்துவிட்ட அவர், "முகூர்த்தம் பத்தரையோட சரி ராஜாராம். திரும்பி வர நேரமில்ல. அங்கயே கட்டு, நான் ஸ்பீக்கர்ல சொல்றேன். கிழக்கப் பாத்து நில்லு" என்றார். நீ கிழக்கைத் தேடினாய். கடலைக் காட்டினேன்.

தாலியை எடுத்து நீட்டினால் பிருந்தாவின் அண்ணன் குறுக்கே வந்தார். "அவங்க கையால வேணாம். கூட்டத்துல சுமங்கலி யாராச்சும் வாங்கிக் குடுங்க." மண்ணில் என் வரைபடத்தைச் சுற்றி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிருந்தா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அண்ணே, நீங்க கொஞ்சம் தள்ளுங்க. மதினி, குடுங்க" என்றாள். உன் மனைவி சத்தமாகப் பேசி அன்றுதான் கேட்டேன். பதினோரு வருடத்தில் என் கையிலிருந்து ஒருவரும் குங்குமச் சிமிழ்கூட வாங்கியதில்லை. இரு கையாலும் கொடுத்தேன். காற்று பாதி மந்திரத்தைக் கொண்டுபோனது. மீதிக்கு நீ முடிச்சுப் போட்டாய். அட்சதை இல்லாததால், கோட்டையைப் பற்றித் தவறாகச் சொன்னவரின் குடும்பம் பொரி தூவியது. முடிச்சு விழுந்தபோது மணி பத்து இருபத்தெட்டு. பிருந்தாவின் அண்ணன் சொல்வது போலப் பத்து முப்பத்தைந்து அல்ல.

ஆக, மறதிதான். வியாழக்கிழமை தயாராக இருப்பேன். நீயும் பிருந்தாவும் நோயில்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் முழுதாகக் கேட்டு, எண்பதையும் காண வேண்டும். பீமாராவுக்கு என் வணக்கம், வெங்கடேஷ்பாபுவுக்கு என் ஆசிகள். அவனுடைய எழுத்துப் பிழைகளைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா,
சுந்தரவல்லி

பி.கு.: மேலே உள்ளதைப் பிருந்தாவின் அண்ணன் வீட்டாருக்குத் தாராளமாகக் காட்டு, இந்தப் பகுதியைக் கிழித்துக்கொள். டாக்டர் வேண்டாம். மாடி அறையை வாடகைக்கு விடு. நகர வாயிலுக்குச் சற்று முன்னால் கண்ணாடியை எடுக்கப் பையைத் திறந்தபோது மஞ்சள் துணியைப் பார்த்தேன். அப்போது மணி ஒன்பது நாற்பது. நான் திறந்த பையோடு உட்கார்ந்திருப்பதைக் கண்டு முத்துக்குமரன் வண்டியை நிறுத்தி, "என்னம்மா, எதாச்சும் மறந்துட்டீங்களா? திரும்பிடவா?" என்று கேட்டார். "ஒண்ணும் மறக்கல. உள்ள போங்க" என்றேன்.