துணி மடிக்கும் பேய்

காலையில் கழுத்தை நெரித்த பேய், மத்தியானம் பார்த்தால் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது.

தொடர்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி திரையைப் பார்த்தார். அவர் அடித்த அத்தியாயம்தான். சாப்பிட்டுவிட்டு ஒரு குட்டித் தூக்கம் போட்டு வருவதற்குள் பேய் திருந்திவிட்டிருந்தது.

பள்ளிப் பிள்ளைகளுக்கான வார இதழில் திகில் தொடர் எழுதுகிறவர் அவர். இந்த வாரமாவது படிக்கிற பிள்ளைக்கு வியர்க்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பக்கத்தில் குறுக்கெழுத்துப் போட்டுவிடுவேன் என்று ஆசிரியர் கறாராகச் சொல்லியிருந்தார். அதனால்தான் எழுதியதை முதலில் மகளிடம் காட்டினார். ஒன்பதாம் வகுப்புக்காரி, விடுமுறையில் வீட்டில் இருந்தாள். பாதியிலேயே கொட்டாவி விட்டாள்.

"பேய் எங்கேயோ காட்டுல இருந்தா எனக்கென்னப்பா? நம்ம வீட்டுல இருக்கணும்."

சரியென்று சொந்த வீட்டு மாடிப்படியையே கதைக்குள் இழுத்துவந்தார். அன்றோடு அவர் மாடிப்பக்கம் போவதும் நின்றது. காற்று வரவில்லை என்று காரணம் சொல்லிக்கொண்டார்.

அழுத பேயை அழித்துவிட்டு, மறுநாள் அலமாரிக்குள் ஒன்றை ஒளித்துவைத்தார். பல்லும் நகமுமாக, பார்த்துப் பார்த்துச் செய்த பேய். அதற்குப்பின் சட்டை எடுக்கக்கூட மனைவியைக் கூப்பிட வேண்டியிருந்தது. தூங்கி எழுந்து வந்து பார்த்தால், அந்தப் பேய் அலமாரியிலிருந்து இறங்கித் துணி மடித்துக்கொண்டிருந்தது.

மனைவியிடம் புலம்பினார்.

"அதை இங்கேயே இருக்கச் சொல்லுங்க" என்றாள் அவள். "கல்யாணமான நாளிலிருந்து நீங்க ஒரு துண்டாவது மடிச்சிருக்கீங்களா?"

சந்தேகம் மகள்மேல் போனது. வாயைத் திறக்காமல் பாஸ்வேர்டை மாற்றினார். எங்கும் குறித்துவைக்கவில்லை, யாரிடமும் மூச்சு விடவில்லை. ரத்தம் சொட்டச் சொட்ட அத்தியாயத்தைத் திரும்ப எழுதிவிட்டுப் படுத்தார்.

எழுந்து பார்த்தபோது பேய் வீட்டையே காலிசெய்துகொண்டு போயிருந்தது. போகும்போது பிள்ளைகள் பயப்படக்கூடாதென்று வாசல் விளக்கையும் போட்டுவிட்டுப் போயிருந்தது.

அவருக்குத் தலை சுற்றியது. மனைவிக்குக் கணினி என்றாலே அலர்ஜி. மகளுக்கோ பாஸ்வேர்ட் தெரியாது. பூட்டைத் திறக்காமல் உள்ளே நுழைகிற ஆள் யார்? யோசித்தவருக்கு முதுகு சில்லிட்டது. தன் இனத்தைக் கேவலமாக எழுதினால் எதற்குத்தான் கோபம் வராது? ஒரு எழுத்தையும் தொடாமல், இருந்தது இருந்தபடி பத்திரிகைக்கு அனுப்பிவைத்தார். பக்கம் போனாலும் உயிர் மிஞ்சட்டும்.

அடுத்த வாரம் ஆசிரியர் கூப்பிட்டார்.

"பிள்ளைங்க உருகிட்டாங்க சார். பத்து வருஷமா எழுதறீங்க, இப்பதான் எழுத்தாளர் ஆகியிருக்கீங்க. இனிமே இதே கைதான் வேணும். கை மாறினா குறுக்கெழுத்துதான்."

போனை வைத்தவர் நேரே மகளிடம் போனார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னார்.

"வீட்டுல ஒண்ணு இருக்கும்மா. அதுதான் எழுதுது. அடுத்த அத்தியாயத்துக்கு அதை நான் எப்படிக் கூப்பிடறது?"

மகள் அவரை விநோதமாகப் பார்த்தாள்.

"எதுக்குப்பா கூப்பிடணும்? சாப்பிட்டுப் படுங்க. கொஞ்ச நேரத்துல நீங்களே கண்ணை மூடிக்கிட்டு எழுந்து வந்து அடிச்சிடுவீங்க, தினமும் அப்படித்தானே எழுதறீங்க."