அத்தானுக்குக் காய்ச்சல் வரக்கூடாத மாதம்

மருத்துவக் காப்பீடு எங்கள் பக்கத்துக்குப் புதிதாக வந்த சங்கதி இல்லை. ஏஜெண்டுகள் தோல்பையைத் தூக்கிக்கொண்டு வருவதற்கு முன்பே அது வீட்டுக்கு வீடு இருந்தது. பெண்களின் கையில், வளையலாக. வீட்டில் யாருக்காவது நோய் வந்தால் ஆள் ஆசுபத்திரிக்குப் போவார், வளையல் அடகுக் கடைக்குப் போகும். ஆள் திரும்பி வருவது பெரும்பாலும் நடக்கும். வளையல் திரும்பி வருவதுதான் சந்தேகம்.

இந்த நிலைமையை மாற்றிக் காட்டுகிறேன் என்று தொண்ணூறுகளின் நடுவில் கிளம்பிய வீரன் நான். பட்டம் வாங்கிவிட்டு, பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே சும்மா பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தவனை ஒரு காப்பீட்டு அலுவலகம் ஏஜெண்டாகச் சேர்த்துக்கொண்டது. (அவர்களுக்கு என்ன கஷ்டமோ.) மூன்று நாள் வகுப்பு எடுத்தார்கள். அதில் இரண்டாம் நாள் மத்தியானம் முழுக்க நான் தூங்கினேன். முக்கியமானது எல்லாம் அன்று மத்தியானம்தான் சொன்னார்கள் என்று பிறகு தெரிந்தது.

என் முதல் வாடிக்கையாளர் என் அக்காளின் வீட்டுக்காரர், தங்கராஜன் அத்தான். பாறசாலையை அடுத்து தேங்காய் எண்ணெய் மில் வைத்திருந்தார். மில் ஓடும்போதும் அவர் குரல்தான் மேலே கேட்கும். எங்கள் வழக்கப்படி, கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் காலைக் கழுவிப் பந்தலுக்குள் அழைத்து வருவது பெண்ணின் தம்பி. அன்று அவர் காலைக் கழுவும்போதே பயத்தில் கிண்டிச் செம்புத் தண்ணீரில் பாதியை என் வேட்டியில் ஊற்றிக்கொண்டவன் நான். அந்தக் காலை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு முந்தின வருஷம் அத்தானின் அம்மா சுகமில்லாமல் கிடந்தபோது அக்காளின் இரண்டு வளையலும் அடகுக்குப் போயின. அப்போதுதான் மீட்டிருந்தார்கள். ஆகவே, பாலிசி எடுக்கச் சொல்லி அத்தானைப் பிடித்து உட்காரவைத்தது அக்காள்தான்.

"எலே, தீனம் வந்தா பைசா கிட்டுமா?" என்றார் அத்தான். (நோயை எங்கள் பக்கம் தீனம் என்போம்.)

"கிட்டும் அத்தான்."

"எண்ணைக்கு முதல்?"

என்றைக்கு முதல் கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று அவரிடம் சொல்லத் தைரியமும் கிடையாது. "இண்ணைக்கு முதல், அத்தான்."

"கிட்டல்லேண்ணா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "கிட்டல்லேண்ணா ஒனக்க அக்காள ஒனக்க வீட்டில கொண்டு விட்டுருவேன். பாத்துக்கோ."

விளையாட்டாகச் சொன்னாரா, காரியமாகச் சொன்னாரா? அவர் முகத்தை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. அக்காள் என்னை வாசல் வரை வந்து வழியனுப்பினாள். கையை உயர்த்திக் காட்டி, "இனி இதக் கழத்த வேண்டாம் இல்லியா, மக்கா?" என்று கேட்டாள். வேண்டவே வேண்டாம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

ஒரு வாரம் கழித்து பாலிசியை வாங்க அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி போகிற போக்கில் கேட்டார். "முதல் முப்பது நாளில் வருகிற நோய்க்குப் பணம் கிடையாதுன்னு பார்ட்டிகிட்ட சொல்லிட்டீர் இல்லையா? விபத்துன்னா மட்டும் முதல் நாளிலிருந்தே உண்டு."

"சொல்லாம இருப்பேனா சார்?" என்றேன். எனக்கே அப்போதுதான் தெரியும்.

சொல்லியிருக்கலாம். நேரே போய், "அத்தான், நான் சொன்னது தப்பிப்போச்சு" என்றிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். மூன்று தடவை மில் வாசல் வரை போனேன். மூன்று தடவையும் உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. திரும்பி வந்துவிட்டேன். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். அந்த மாதம் முடியும்வரை அத்தானுக்கு நோய் வராமல் பார்த்துக்கொள்வது. அவ்வளவுதானே?

அது இடவப்பாதி மழைக்காலம். வீட்டுக்கு வீடு காய்ச்சல், வயிற்றுப்போக்கு. எங்கள் பக்கம் காய்ச்சலைப் பனி என்போம். பஸ்ஸில் யாராவது, "அங்க பனி, இங்க பனி" என்று பேசினால் எனக்கு உடம்பு சில்லிடும். தினமும் காலையில் சீரகத் தண்ணீர் காய்ச்சி எடுத்துக்கொண்டு அத்தான் வீட்டுக்குப் போனேன். வெளியில் எதுவும் தின்கிறாரா என்று டீக்கடை வரை பின்னால் நடந்தேன். ஒருநாள் அவர் தும்மினார். மிளகு இடித்தது மூக்கில் ஏறிவிட்டது என்று அக்காள் சொன்னாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. கோயிலில் அவர் பேருக்கு அர்ச்சனை செய்தேன். வாழ்க்கையில் என் பேருக்கே நான் அர்ச்சனை செய்ததில்லை.

"எலே அளியா," என்று ஒருநாள் பிடித்துக்கொண்டார். (மச்சினனை அப்படித்தான் கூப்பிடுவார்.) "நீ என்னத்துக்குத் தெனமும் எனக்க நெத்தியத் தொட்டுப் பாக்க?"

"பாசம், அத்தான்."

மில்லில் வேலை பார்த்த சுகுமாரன், "மொதலாளிக்கு சும்மா ஒரு நர்சு கிட்டியாச்சு" என்றான். அத்தான் அதற்கும் சிரிக்கவில்லை.

மாதம் முடிய இன்னும் சில நாள்தான் பாக்கி. பேய் மழை. மில் முற்றத்து ஓடை அடைத்துக்கொண்டது. அதைத் தோண்டிவிட அத்தான் வெறுந்தலையோடு மழையில் இறங்குவதை நான் படியிலிருந்து பார்த்தேன். 'நனைந்தால் பனி, பனி வந்தால் ஆசுபத்திரி, ஆசுபத்திரி என்றால் வளையல்' என்று மனசு ஓடியது. மனசோடு சேர்ந்து நானும் குடையை விரித்துக்கொண்டு ஓடினேன்.

எண்ணெய் மில் முற்றம் எப்படியிருக்கும் என்று யோசிக்க நேரமில்லை. பல வருஷத்து எண்ணெய் மண்ணில் ஊறிக் கிடந்தது, மேலே மழை. நான் வழுக்கி, உட்கார்ந்த வாக்கில் சறுக்கிப் போய், அத்தானின் முழங்காலுக்குக் கீழே மோதினேன். அவர் என்மேல் விழுந்தார். பிறகு இரண்டு பேருமாக அவர் கால்மேல் விழுந்தோம். 'டொக்' என்று ஒரு சத்தம். குடைக்கம்பி என்று நினைத்தேன். குடை நன்றாகவே இருந்தது.

எங்கள் ஊரில் எலும்பு முறிந்தால் யாரும் யோசிப்பதில்லை. நேரே ஆசான் வீடு. எண்ணெய் பிழிந்து, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டி விடுவார். சுகுமாரனும் மற்றவர்களும் அத்தானை ஜீப்பில் ஏற்றி, "ஆசானுக்க வீட்டுக்கு விடு" என்றார்கள். ஆசான் கட்டினால் எலும்பு சேரும். ஆனால் பாலிசிக்காரர்கள் ஒரு பைசா தரமாட்டார்கள். நான் ஜீப்பின் முன்னால் போய் நின்றேன்.

"ஆசான் வேண்டாம்! ஆசுபத்திரியில அட்மிட் ஆக்கணும்!"

"அப்ப முக்கில உள்ள டாக்டருக்க கிளினிக்குக்குப் போலாம்."

"அங்க கட்டில் எத்தன உண்டு?" என்றேன். (கட்டில் எண்ணிக்கை குறைந்தால் அது ஆசுபத்திரி ஆகாது. வகுப்பில் நான் விழித்திருந்தபோது சொன்ன ஒரே விதி.)

சுகுமாரன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "எலே, மனுசன் காலு ஒடிஞ்சு கெடந்து நெலவிளிக்காரு. நீ கட்டில் எண்ணுதியா?"

கடைசியில் பெரிய ஆசுபத்திரிக்கே போனோம். எப்படி விழுந்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். யாராவது தள்ளிவிட்டார்களா என்றும் கேட்டார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். போலீஸ், விலங்கு, பூஜப்புரை ஜெயில் எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன.

அத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு, "வழுக்கி விழுந்தேன், டாக்டரே" என்றார்.

முன்பணம் கட்டும் இடத்தில் பெருமையோடு பாலிசியை நீட்டினேன். அங்கிருந்தவர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "இது நிங்ஙள் பின்னே வாங்கிக்கோ. இவிடெ இப்போ காசு அடைக்கணும்."

முதலில் நாம் கட்ட வேண்டும், கம்பெனி பிற்பாடு தரும். அதுவும் நான் தூங்கிய மத்தியானத்தில் சொன்னதுதான். அக்காள் இரண்டு வளையலையும் கழற்றி என் கையில் வைத்தாள். சோப்பு போடாமலே கழன்று வந்தன. அவள் எவ்வளவு மெலிந்திருந்தாள் என்று அன்றுதான் கவனித்தேன். அடகுக் கடைக்குப் போகும் வழியெல்லாம் அழுதேன். நல்லவேளை, மழை பெய்தது.

திரும்பி வந்து கட்டிலருகே நின்று அத்தானிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சீரகத் தண்ணீர் முதல் அர்ச்சனை வரை. அவர் மாவுக்கட்டைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப பனி வந்திருந்தா பைசா இல்ல?"

"இல்ல, அத்தான்."

"காலு ஒடிஞ்சா உண்டு?"

"உண்டு. அது விபத்தாக்கும்."

அத்தான் மாவுக்கட்டிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். "அப்ப நீ தெரிஞ்சுதாம்லே ஒடிச்சிருக்க."

நான் அக்காளின் பின்னால் ஒளிந்துகொண்டேன். கட்டில் ஆடியது. வலிப்பு என்று பயந்து நர்சைக் கூப்பிடப் போனேன். வலிப்பு இல்லை, சிரிப்பு. அத்தான் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சிரிக்கச் சிரிக்கக் கால் வலித்து, வலிக்க வலிக்க என்னைத் திட்டி, மறுபடி சிரித்தார்.

ஆனாலும் என் பயம் அதோடு போகவில்லை. எல்லா ரசீதையும் அனுப்பிவிட்டுப் பல மாதம் காத்திருந்தோம். அக்காள் கையில் கண்ணாடி வளையல் கிலுங்கும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொள்வேன். ஒருநாள் செக் வந்தது. கொஞ்சம் பிடித்துக்கொண்டுதான் தந்தார்கள், ஆனால் வளையலை மீட்க அது போதும். மீட்டு, நானே அக்காள் கையில் போட்டுவிட்டு, மறுநாள் தோல்பையை அலுவலகத்தில் ஒப்படைத்தேன். எங்கள் சுற்றுவட்டத்தில் எப்படியும் எனக்கு வேறு வாடிக்கையாளர் கிடைத்திருக்க மாட்டார். "அவன்கிட்ட பாலிசி எடுத்தா பைசா கிட்டும், அது உறப்பு, காலையும் அவனே ஒடிச்சுத் தருவான்" என்று சுகுமாரன் காட்டாக்கடை சந்தை வரை சொல்லி வைத்திருந்தான்.

சமீபத்தில் அக்காளின் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. மணப்பெண் கையில் அதே இரண்டு வளையல். போட்டுவிடும்போது அக்காள், "தீனம் வந்தா இதக் கழத்தாத, மக்கா. மாமனைக் கூப்பிடு" என்று சொன்னதைக் கேட்டு நான் கொஞ்சம் நெகிழ்ந்தும் போனேன். பந்தல் வாசலில் மணப்பெண்ணின் தம்பி கிண்டித் தண்ணீரோடு குனிந்து மாப்பிள்ளையின் காலைக் கழுவினான். துடைக்கத் துண்டை எடுத்துக்கொண்டு நான் பக்கத்தில் போனேன்.

பந்தலே அதிரும்படி அத்தானின் குரல் வந்தது. "மாப்பிளே, அந்தத் துண்டுக்காரனுக்கு மட்டும் காலைக் காட்டாதேயும்!"

எல்லாரும் சிரித்தார்கள். கதை தெரியாத மாப்பிள்ளை என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, ஈரக்காலோடு துள்ளிப் பந்தலுக்குள் ஏறிவிட்டார்.