அன்னபூரணி பொறுக்குன டயரு

ஸ்கூடாய்ல நம்ம கண்ணையா அன்னைக்குப் பல்லு விளக்கும்போதே முடிவு பண்ணிட்டாரு. இன்னைக்குக் காடிக்கு டயர் மாத்தியே ஆகணும். பொண்டாட்டி அன்னபூரணி குறுக்க விழுந்தாலும் சரி, தாண்டிப் போயிரணும்.

டயர் மாத்துறதுல என்னா பெரிய வீரம்னு கேப்பீங்க. சொல்றேன். கண்ணையா வச்சிருக்கிறது ஃபோர்வீலு காரு. நாலு சக்கரமும் சேந்து இழுக்கும், மலை ஏறும், ஆறு தாண்டும்னு ஆசையா வாங்குனது. "வாங்குன நாள்லேருந்து இது தாண்டுனது நம்ம தாமான் குடியிருப்பு ரோட்டு மேடு மட்டுந்தான்"னு அன்னபூரணி சொல்லிச் சொல்லிச் சிரிப்பா.

அவளுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். தெரியாதது ஒண்ணு இருக்கு. கோத்தா திங்கி பக்கம், செம்பனைக் காட்டுக்கு நடுவுல, செம்மண் ரோட்டுல குலுங்கிக் குலுங்கி உள்ள போனா ஒரு முள்ளுத்தோலு டுரியான் பழத் தோட்டம். சீசன் வந்துட்டா ஞாயித்துக்கிழமை கண்ணையாவுக்கு அதுதான் கோயிலு. வீட்டுல சொல்லிட்டுப் போறது வேற: "பெர்மாஸ் ஜெயா வரைக்கும் போய்ட்டு வந்துர்றேன் பூரணி. சபாபதிக்கு உடம்பு சரியில்ல, பாவம்." அந்தப் பாவப்பட்ட நோயாளிக் கூட்டாளிதான் பக்கத்து சீட்ல உக்காந்து வந்து, பாதிப் பழத்தை முழுங்குவாரு.

போன வாரம் மழை. வழுக்கை டயரு. காடி செம்மண்ணுல சுத்துது, சுத்துது, நின்ன எடத்துலயே கோலம் போடுது. சபாபதி இறங்கித் தள்ள, தோட்டத்துச் சேறு பூரா அவரு மூஞ்சியில.

"அலாமாக்! இதெல்லாம் ஒரு டயரா? உன் மண்டை மாதிரியே இருக்கு. மாத்தாம என்னைக் கூப்பிடாத லா!"

இதுல இருக்கிற வில்லங்கத்தை இப்பச் சொல்லிர்றேன். கண்ணையாவுக்கு இனிப்புநீரு, அதான் சக்கரை வியாதி. கால் கட்டைவிரலு மரத்துப் போச்சு. கிளினிக்ல டாக்டரம்மா, "டுரியான் இருக்கிற ரோட்டுலகூடப் போகாதீங்க. அடுத்தது ஊசிதான்"னுட்டாங்க. அன்னபூரணி புருஷன் மூஞ்சியையே பாத்தா. அதுதான் அவருக்குப் பொறுக்கல. மனுசன் ஃபேக்டரியில செக்யூரிட்டி சூப்பர்வைசரு. கொசு கடிச்சாக்கூட எவிடென்ஸ் கேப்பாரு. டாக்டரம்மா முன்னாடியே எந்திரிச்சு நின்னாரு.

"நான் டுரியானைத் தொட்டேன்னு நீ எவிடென்ஸ் காட்டு பூரணி. அன்னைக்கே காடிச் சாவி உன் கையில. நீயே ஓட்டிக்க!"

அன்னபூரணிக்கு லைசன்ஸ் இருக்கு. ஆனா அந்த ஃபோர்வீலு ஸ்டியரிங்கைத் தொட விட்டதில்ல. சாவியைத் தலகாணிக்கு அடியில வச்சுத் தூங்குற ஆளு. அப்பேர்ப்பட்டவரு சாவியைப் பந்தயம் வச்சாருன்னா, சும்மாவா?

சும்மா இல்ல. டுரியான் தின்னவன் முச்சந்தியில வரும்போதே வாசனை வீட்டுக்குத் தெரிஞ்சிரும். ஆனா கொரோனா வந்ததுலேருந்து அன்னபூரணிக்கு மூக்கு போச்சு. கருவாடு தீஞ்சு பக்கத்து வீட்டுக்காரங்க ஓடி வந்தாத்தான் அவளுக்குச் சேதி தெரியும். முருகா, உனக்கு எத்தனை காவடி எடுத்தேன், இந்த ஒரு வரம் போதும்னு கண்ணையா தனியாக் கும்பிட்டுக்குவாரு.

சரி, டயருக்கு வருவோம். காலையில பசியாறும்போது மெதுவா ஆரம்பிச்சாரு.

"பூரணி... டயர் தேஞ்சு போச்சு. மழையில ஹைவேயில வழுக்குது. உன்னைய வச்சு ஓட்டவே பயமா இருக்கு."

"என்னைய வச்சா? போன மாசம் கோயிலுக்குப் போனதோட சரி."

"அந்த ஒரு தடவைக்கு நீ போய்ச் சேந்துட்டா, நான் என்னா பண்ணுவேன்?"

"டயரு மாத்துவீங்க." தோசையைத் திருப்பிப் போட்டா. "இருங்க. நானும் கடைக்கு வர்றேன்."

கண்ணையா தோசையைச் சட்னிக்குப் பதிலா டீயில முக்கிட்டாரு.

டயர்க் கடை செல்லப்பன் தொப்பையைத் தடவிக்கிட்டே மூணு டயரை உருட்டிட்டு வந்தாரு. "அக்கா, இது ரோட்டு டயரு. வழவழன்னு இருக்கும், சத்தமே வராது. இது சேத்து டயரு. காட்டுக்குள்ள கிங்கு. ரோட்டுல விட்டா பிளேன் ஏறுற மாதிரி சத்தம். நடுவுல இது எல்லா ரோட்டுக்கும் ஆகுற டயரு. தாருக்கும் போகும், மண்ணுக்கும் போகும்."

அவளோட விரலு எங்க போகும்? வழவழப்புல கையை வச்சா சீசனே போச்சு. அன்னபூரணி குனிஞ்சா. ரோட்டு டயரைத் தடவுனா. "நல்லா இருக்கே, நம்ம வீட்டு மொசைக்கு மாதிரி."

"நல்லா இருக்கும், நல்லா இருக்கும்." கண்ணையாவுக்கு வேர்த்து ஊத்துது. "ஆனா மழைத் தண்ணி தேங்குனா வழுக்கும்மா. பள்ளம் இருந்தாத்தான் தண்ணி வெளிய போகும். என்னா செல்லப்பன்?"

"ஆமாக்கா. அண்ணே சொல்றது சரி."

அன்னபூரணி நடு டயருகிட்ட நகந்தா. கட்டை கட்டையா ரப்பரு, நடுவுல விரல் நொழையுற பள்ளம். விரலை விட்டுப் பாத்தா.

"தம்பி, இதுல கல்லு கில்லு மாட்டுமா?"

"மாட்டாது! மாட்டவே மாட்டாது!" பதறிட்டாரு கண்ணையா.

"மாட்டும்கா," அப்படின்னாரு செல்லப்பன். யாவார நேர்மை, கழுத்தறுத்துட்டாரு. "ஆனா இன்னொரு கம்பெனி இருக்கு. பள்ளத்துக்கு அடியில பாருங்க, குட்டிக் குட்டி முட்டு. மாட்டுன கல்லை அதுவே வெளிய தள்ளிரும்."

"அந்த முட்டு இல்லாட்டி?"

"அப்படியே உக்காந்துக்கும். கொண்டை ஊசி வச்சு நோண்டினாத்தான் வரும்."

அன்னபூரணி கொண்டையைத் தொட்டுப் பாத்தா. "முட்டு இல்லாததே போடுங்க தம்பி. ஊசி என்கிட்ட இருக்கு."

கண்ணையா நம்ப முடியாம நிக்கிறாரு. கேட்ட டயரு! அதுவும் சண்டையில்லாம! "உனக்கு எதுக்கும்மா அந்தக் கஷ்டம்?"ன்னு ஒப்புக்கு ஒரு வார்த்தை போட்டாரு.

"உங்க காடியை நான் பாத்துக்காம வேற யாரு பாப்பா?"

மனுசன் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. திரும்பி வரும்போது ஹைவேயில புது டயரு ம்ம்ம்முன்னு பாடுது. கண்ணையாவும் கூடச் சேந்து பாடுனாரு.

ஞாயித்துக்கிழமை. சபாபதிக்கு மறுபடியும் உடம்பு சரியில்லாமப் போச்சு. செம்மண் ரோட்டுல காடி பறந்துச்சு. போன வாரம் மாட்டுன குழியைப் பாத்துக் கையாட்டிட்டுப் போனாரு கண்ணையா. தோட்டத்துல மரத்துக்கடி வரைக்கும் காடியை விட்டு, தோலு குவிஞ்ச எடத்துலயே நிப்பாட்டி, இறங்குன கையோட முதல் பழத்தைப் பொளந்தாச்சு. மஞ்சளாச் சுளை. வாயில வச்சா கண்ணு தானா மூடிக்கும். மூடிக்கிச்சு. டாக்டரம்மா முகம் மறைஞ்சு போச்சு.

முடிச்சதும் வேலையைப் பாருங்க. காலித் தோலுல தண்ணி ஊத்திக் குடிச்சாரு, அப்பத்தான் டுரியான் சூடு எறங்கும். கையைக் கழுவுனாரு. வாய் கொப்புளிச்சாரு. வழியில கார் வாஷ்ல விட்டு ஒரு பொட்டு மண்ணு இல்லாமக் காடியை அலசுனாரு. கண்ணாடி மாதிரி மின்னுது. செக்யூரிட்டின்னா செக்யூரிட்டிதான்.

வீட்டு கேட்டைத் திறந்தா, அன்னபூரணி. போர்ச்சுல சின்ன ஸ்டூலு. கீழ பழைய பேப்பரு விரிச்சிருக்கு. கொண்டை அவுந்து தொங்குது. ஊசி கையில.

"என்னா பூரணி?"

"கல்லு எடுக்கத்தான். சொன்னேன்ல?"

"காடி கழுவியாச்சும்மா!"

"மேல கழுவியிருப்பீங்க. பள்ளத்துக்குள்ள?"

குனிஞ்சா. நோண்டுனா. டக்குன்னு பேப்பருல ஒண்ணு விழுந்துச்சு. செவப்புக் கல்லு.

"பெர்மாஸ் ஜெயாவுல ஏதுங்க செம்மண்ணு?"

"ரோடு தோண்டுறானுங்க. கேக்காத, ஒரே தூசி."

டக்கு. நசுங்கி வாடிப்போன செம்பனைப் பழம்.

"இது?"

"லோரி. முன்னாடி பழ லோரி ஒண்ணு போச்சு. சிந்திக்கிட்டே போறான், கழுதை."

"ஓ." அடுத்த டயருக்கு ஸ்டூலை நகத்துனா. கண்ணையாவும் கூடவே நகந்தாரு. டக்கு. பச்சையா, கூரா, முள்ளோட ஒரு தோலுத் துண்டு.

ரெண்டு பேரும் அதையே பாத்தாங்க. தெருவுல ஐஸ்கிரீம் மோட்டார்பைக்கு மணி அடிச்சுக்கிட்டே போகுது. கண்ணையாவுக்கு மரத்துப் போன கட்டைவிரலுகூடத் துடிக்குது.

"ரோட்டோரத்துல டுரியான் கடை," அப்படின்னாரு. "தோலை ரோட்டுலயே கொட்டியிருக்கான். ஏறிட்டேன். அந்தப் பக்கம் நான் திரும்பிக்கூடப் பாக்கல. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன்!"

"காடி ஓட்டும்போதா?"

"ஒரு கண்ணை."

அன்னபூரணி சிரிக்கல. மூணாவது டயரு. ஊசி எதுலயோ சிக்கிக்கிச்சு. இழுத்தா. இழுக்க இழுக்க வருது, பச்சை நைலான் நூலு, முடிச்சு முடிச்சா.

"வலை," அப்படின்னா. "டுரியான் தரையில விழாம மரத்துக்கடியில கட்டுவாங்களே, அந்த வலை மாதிரி இருக்கு."

கண்ணையா மூளை நூறுல பறந்துச்சு. "மீன் வலை! சபாபதி மீன் பிடிக்கிறான்ல? வீட்டு முன்னாடி வலையைக் காயப் போட்டிருந்தான். அது மேல ஏறிட்டேன் போல!"

"உடம்பு சரியில்லாதவரா?"

"உடம்பு சரியில்லாததுனாலதான் கடலுக்குப் போகாமக் காயப் போட்டிருக்கான்! கல்லு, பழம், நூலு... இதெல்லாம் எவிடென்ஸ் ஆகாது பூரணி. கோர்ட்டுல நிக்காது."

"நிக்காதா? சரி." போனை எடுத்து ஸ்பீக்கருல போட்டா.

கண்ணையா மனசுக்குள்ள சிரிச்சாரு. போடு. சபாபதி இரும்பு. காய்ச்சல்ன்னு கேட்டா இருமிக் காட்டுற அளவுக்குப் பழக்கி வச்சிருக்கு.

"சபாபதி அண்ணே, நான் பூரணி பேசுறேன்."

"ஹக்... ஹக்... சொல்லும்மா தங்கச்சி." இருமலு பிரமாதம்.

"ஒண்ணும் இல்லண்ணே. நீங்க வாங்கிக் குடுத்த டுரியான் சப்புன்னு, வெறும் கொட்டையா இருந்துச்சாமே? இவரு வந்து ஒரே பொலம்பலு. 'சபாபதிக்குப் பழமே பாக்கத் தெரியல'ங்கிறாரு."

அந்தப் பக்கம் இருமலு நின்னுச்சு.

"எந்தப் பய சொன்னான்? நான் தட்டிப் பாத்துப் பொறுக்குன பழமா சப்பு? நாப்பது வருசமா டுரியான் பாக்குறவன்மா நான்! அவன் மட்டும் ஒரு பழம் முழுசா முழுங்கிட்டு, விரலைக்கூட நக்குனான்! குடு அவன்கிட்ட போனை!"

"தூங்குறாருண்ணே." போனை வச்சா.

கையை நீட்டுனா. எவிடென்ஸ் பேப்பருல வரிசையாக் கெடக்கு, சாட்சி போனுல கத்திட்டுப் போயிட்டாரு. கண்ணையா பாக்கெட்டுலேருந்து சாவியை எடுத்து அந்தக் கையில வச்சாரு. பொண்ணு குடுத்த மாமனாரு மாதிரி மூஞ்சி.

"ஒண்ணு மட்டும் சொல்லு பூரணி. உனக்குத்தான் மூக்கு இல்லையே. எப்படிச் சந்தேகம் வந்துச்சு?"

"மூக்கு பொங்கலுக்கே திரும்பி வந்துருச்சு."

"என்னாது!"

"சீசன் ஆரம்பிச்ச முதல் ஞாயித்துக்கிழமையே தெரியும். தலகாணி உறையை நாலு தடவை துவைச்சேன். கேட்டா, 'வாசனை எவிடென்ஸ் ஆகாது'ன்னு ஆரம்பிப்பீங்க. மூக்கு நீங்க தின்னதைச் சொல்லும். எங்க தின்னீங்கன்னு டயருதான் சொல்லணும்." முள்ளுத் துண்டை எடுத்து அவரு காலுகிட்ட வச்சா. குரலு எறங்கிருச்சு. "அந்த விரலு போச்சுன்னா யாருங்க பிரேக்கை மிதிக்கிறது?"

கண்ணையா காலை மெதுவா உள்ள இழுத்துக்கிட்டாரு.

"அந்தத் தோட்டத்துக்கு வழி மட்டும் காட்டுங்க," அப்படின்னா.

அடுத்த ஞாயிறு. ஸ்டியரிங்ல அன்னபூரணி, பக்கத்துல கண்ணையா, பின்னாடி சபாபதி. மூச்சு விடாம உக்காந்திருக்காரு. செம்மண் ரோட்டுல அவ ஓட்டுன ஓட்டத்துக்குக் கண்ணையா ரெண்டு கண்ணையும் மூடிக்கிட்டாரு. டயரு மட்டும் ம்ம்ம்முன்னு சந்தோசமாப் பாடுது.

தோட்டத்துல அன்னபூரணி பழத்தைப் பொளந்தா. மோந்து பாத்தா, நல்லா இழுத்து, கண்ணு மூடி. ஒரு சுளை. இன்னொரு சுளை. சபாபதிக்கும் ஒண்ணு நீட்டுனா. கண்ணையா நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு எதிர்ல நிக்கிறாரு. அவ கடைசிச் சுளையையும் வாயில போட்டுக்கிட்டு, காலித் தோலுல பாட்டில் தண்ணியை ஊத்திப் புருஷன் கையில குடுத்தா.

"இந்தாங்க, வயிறு நெறையக் குடிங்க. இதுல சீனி இல்ல."