எதிர்பார்ப்புக் குறைப்புத் திட்டம்

மனித குலத்தின் மகிழ்ச்சிக்காக ஞானிகள் காட்டுக்குப் போனார்கள். எங்கள் மேயர் ஹரலாம்பி ஒரே ஒரு சுற்றறிக்கையோடு காரியத்தை முடித்தார். அதைத் தட்டச்சு செய்யும் பேறு எனக்குக் கிடைத்தது. என் பெயர் செவ்தலின். கமென்புரோத் நகராட்சியில் பதினான்கு வருடமாக மனுப் பிரிவு எழுத்தர்.

பல்கேரியாவின் நூற்றிருபது ஊர்களில் யாரோ மகிழ்ச்சியை அளந்தார்கள். எங்களுக்கு நூற்றிருபதாவது இடம். மேயர் அவசரக் கூட்டம் போட்டார்.

"நமக்கு முன்னாடி யாரு?"

"போன வருஷம் தீப்பிடிச்சுப் பாதி எரிஞ்சுதே, அந்த ஊருங்கய்யா."

"எரிஞ்ச ஊரே நம்மளவிட சந்தோஷமா இருக்கா?"



தலைநகர் சோபியாவிலிருந்து யாவோர் என்ற "மகிழ்ச்சி ஆலோசகர்" வரவழைக்கப்பட்டார். முப்பது வயது இளைஞர். சிரித்த முகத்தை மாற்றத் தெரியாதவர். கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதினார்: கிடைத்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்தால் வருவது மகிழ்ச்சி.

"ஜனங்களுக்குக் கிடைக்கறதைக் கூட்ட முடியுமா?" என்று மேயரைக் கேட்டார்.

மேயர் எங்களைப் பார்த்தார். நாங்கள் ஜன்னலைப் பார்த்தோம்.

"அப்ப எதிர்பார்க்கறதைக் குறைச்சிடுவோம்" என்றார் யாவோர்.

இப்படித்தான் எதிர்பார்ப்புக் குறைப்புத் திட்டம் பிறந்தது. பேருந்து நிறுத்தத்தில் கால அட்டவணையைக் கழற்றிவிட்டு, "பேருந்து வராது" என்று பலகை மாட்டினோம். அன்று மாலை பேருந்து வந்தபோது ஜனங்கள் கைதட்டினார்கள். ஓட்டுநர் மிரண்டுபோய் நிறுத்தாமலே ஓட்டிப் போய்விட்டார். யாருக்கும் கோபம் வரவில்லை. குழாயில் தண்ணீர் வராது என்று அறிவித்தோம், பழுப்பாக வந்தது, வரவேற்றார்கள். நானும் பயனடைந்தேன். பதவி உயர்வை எதிர்பார்ப்பதை விட்டேன். "எதையும் எதிர்பார்க்காதவர்" என்று யாவோர் எனக்குச் சான்றிதழே கொடுத்தார். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் அலுவலகத்திலும் தூங்கினேன்.

திட்டத்துக்கு அடங்காத ஒரே ஆள் தோத்கா அக்கா. பள்ளிக்கூடத்துச் சமையலறையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஆற்றுக்கு இந்தப் பக்கம் அவர் வீடு. அந்தப் பக்கம் தங்கை கீனாவின் வீடு. நடுவில் இருந்த மரப்பாலம் மூன்று வருடத்துக்கு முன் பனி உருகிய வெள்ளத்தில் போய்விட்டது. சுற்றிப் போனால் ஒன்பது கிலோமீட்டர். இருவருக்கும் முழங்கால் வலி. ஆகவே தினமும் மாலையில் இரண்டு கரையிலும் நின்று கத்திப் பேசிக்கொள்வார்கள். கீனாவின் வயிற்றுக்கோளாறு ஊருக்கே தெரியும். தோத்கா அக்கா வாரம் தவறாமல் பாலம் கேட்டு மனு கொண்டுவருவார். நான் வாரம் தவறாமல் முத்திரை குத்துவேன். இருவரும் கடமை தவறியதில்லை.

யாவோர் அவரை வாசகசாலையில் நடந்த பயிற்சி வகுப்பின் முன்வரிசையில் உட்கார வைத்தார்.

"பாலம் வரும்னு நினைக்கறப்ப மனசு எப்படி இருக்கும்மா?"

"எரியுது."

"கண்ணை மூடிக்கங்க. பாலம் வராதுன்னு நினைச்சுப் பாருங்க."

அக்கா வெகுநேரம் கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

"இப்ப எப்படி இருக்கு?"

"லேசா இருக்கு தம்பி."

"பாத்தீங்களா."

"நெசமாவே வராதா?"

"வராதும்மா."

"நீங்களா சொல்றீங்களா, நகராட்சி சொல்லுதா?"

"நகராட்சிதான் சொல்லுது" என்றார் மேயர், பின்வரிசையிலிருந்து எழுந்து, முழுப் பொறுப்போடு.

"எழுதிக் குடுப்பீங்களா?"

எங்கள் நகராட்சி ஒரு கோரிக்கையை அன்றைக்கே நிறைவேற்றியது அதுதான் முதல் தடவை. "பாலம் இப்போதும் இல்லை, இனி எப்போதும் இல்லை" என்று மேயர் கையெழுத்திட்ட சான்றிதழை நானே தட்டச்சு செய்து, முத்திரை குத்திக் கொடுத்தேன். அக்கா அதை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் மனு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. யாவோர் இதை "முழுக் குணம்" என்று குறித்துக்கொண்டார். எனக்கு மட்டும் என்னவோ போலிருந்தது. முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். எதையும் எதிர்பார்க்காதவன் என்று சான்றிதழ் வாங்கியவன், ஒரு புகார்க்காரியை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை ஆற்றங்கரைக்குப் போனேன். வீடுகளில் குளிர்காலத்துக்காகக் குடைமிளகாய் சுடும் வாசனை. அதற்கு மேல் சுத்தியல் சத்தம். கரையில் இருபது பேராவது இருப்பார்கள். பழைய தந்திக் கம்பங்கள் இரண்டு ஆற்றுக்குக் குறுக்கே கிடந்தன. அவற்றின்மேல் பலகை அடித்துக்கொண்டிருந்தார்கள். தோத்கா அக்கா வாயில் ஆணிகளோடு மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இதுக்கு அனுமதி வாங்கணுமே."

அவர் ஆணிகளைக் கையில் துப்பினார். "எதுக்குப்பா? நகராட்சி பாலம் கட்டாதுன்னு எழுதிக் குடுத்திருக்கு. இது நகராட்சிப் பாலம் இல்ல."

"யார் ஆரம்பிச்சது?"

"அந்தக் காயிதத்தைக் கரையில நின்னு கீனாவுக்குப் படிச்சுக் காட்டினேன். ஊரே கேட்டுச்சு. மூணு வருஷமா நீங்க கட்டுவீங்கன்னுதானே எல்லாரும் சும்மா இருந்தோம். வராதுன்னு ஆனப்புறம் சும்மா இருக்க முடியுமா? சும்மா நிக்காதே, அந்தப் பலகையப் புடி."

பிடித்தேன். அலுவலக நேரத்தில் ஒருநாளும் வியர்க்காத எனக்கு அன்று சட்டை நனைந்தது. வீட்டுக்குப் போகவே மனமில்லை. திட்டத்தின் எந்தப் படிவத்திலும் இந்த உணர்ச்சிக்குக் கட்டம் இல்லை.

வேலை தொடங்கிய பதினோராவது நாள் பாலம் முடிந்தது. அக்காவும் தங்கையும் நடுவில் சந்தித்துக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

"குண்டாயிட்டியேடி" என்றார் அக்கா.

"அங்கேருந்து பாக்கறப்ப நீயும் நல்லாத்தான் இருந்தே" என்றார் கீனா.

மூன்றாம் நாளே சண்டை. இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். ஆனால் கோபித்துக்கொண்டு போவதற்கும் சமாதானமாகித் திரும்பி வருவதற்கும் இப்போது வழி இருந்தது.

பாலத்தின் செய்தியை மேயரிடம் சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, கத்தரிக்கோலும் ரிப்பனும் கேட்டார்.

திறப்பு விழாவில் மேயர் நாற்பது நிமிடம் பேசினார். பிறகு "பயனாளி" என்ற முறையில் தோத்கா அக்காவைப் பேசச் சொன்னார்.

"நகராட்சி கட்டும்னு மூணு வருஷம் நம்பினோம். பாலம் வரல" என்றார் அக்கா. "கட்டாதுன்னு நம்பினோம், பதினோரு நாள்ல வந்துடுச்சு. மேயருக்கு ரொம்ப நன்றி. இதையே மூணு வருஷம் முன்னாடி சொல்லியிருக்கலாம்."

ஜனங்கள் கைதட்டினார்கள். மேயரும் தட்டினார். "பொதுமக்கள் நன்றி தெரிவித்தனர்" என்று நான் குறிப்பேட்டில் எழுதினேன்.

இந்த வருடம் மகிழ்ச்சியில் எங்கள் ஊருக்கு மூன்றாவது இடம். சாலைக் குழிகளை ஜனங்களே அடைத்துக்கொள்கிறார்கள். குழாயையும் அவர்களே பிரித்துச் சரிசெய்துவிட்டார்கள். மேயருக்குப் பதக்கம் கிடைத்தது. முதல் இரண்டு இடங்களைப் பிடித்த ஊர்களில் நிர்வாகம் எப்படி நடக்கிறதென்று பாடம் கற்று வர என்னை அனுப்பினார். போய்ப் பார்த்து, விரிவான அறிக்கை கொடுத்தேன். அதை அவர் இன்றுவரை வெளியிடவில்லை.

அந்த இரண்டு ஊர்களிலும் நகராட்சியே கிடையாது.