அடக்கத்தன்று வந்த ரிசல்ட்

முன்பின் தெரியாத ஒருவருடைய அடக்கத்தில், அவருடைய மனைவி மக்களைவிட அதிகமாக அழுதவள் நான். நடிப்பெல்லாம் இல்லை. அப்படியோர் அழுகையை அதற்கு முன்பும் அழுததில்லை, பின்பும் அழுததில்லை.

அப்போது நான் பி.டி.எஸ். முடித்துவிட்டு எம்.டி.எஸ். நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். சுலபமாகச் சொல்லிவிட்டேன்; அது மூன்று வருஷம். ("அதான் டாக்டராயிட்டீங்கல்லங்க, இன்னும் என்னத்தைங்க படிக்கறது? பல்லு முப்பத்திரண்டுதானுங்களே?" என்று கேட்காத ஆள் ஏற்காட்டு மலையில் எங்கள் ஊரான வெள்ளக்கடையில் கிடையாது.) முதல் முறை போனது. இரண்டாம் முறையும் போனது. மூன்றாம் முறை வந்தபோது என் திமிர் மட்டும் குறையாமல் இருந்தது. அறைச் சுவரில் ‘டாக்டர் மெர்சி, எம்.டி.எஸ்.’ என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டியிருந்தேன். காபிப் பழம் பறிக்கிற பெண்கள் கன்னம் வீங்கி வாசலில் வந்து நிற்பார்கள். நான் ஜன்னல் வழியாகவே, "படிச்சுட்டு இருக்கேனுங்க, சேலம் போயிருங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். பல்லைப் பற்றி ராப்பகலாகப் படித்த அந்த மூன்று வருஷத்தில் ஒரு மனிதருடைய வாயைக்கூட நான் திறந்து பார்க்கவில்லை. இப்போது நினைத்தால், அந்த ஜன்னல் கதவை இழுத்து அவள் முகத்திலேயே அறையலாம் போலிருக்கிறது. (அவள் என்றால் நான்தான்.)

அப்பா காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். எங்கள் குவார்ட்டர்ஸ் பள்ளத்தில், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே இருந்தது. அங்கே போனில் டவர் எடுக்காது. என் வகுப்புகளோ முழுக்க வீடியோவில். ஊரில் டவர் ஒழுங்காக எடுத்த ஒரே இடம், எங்கள் கோவிலின் கல்லறைத் தோட்டம். மேட்டில், மரமில்லாமல், சேலத்தைப் பார்த்தபடி கிடக்கும். ஆகவே காலையில் தண்ணீர் பாட்டிலும் புத்தகமுமாய் அங்கே போய், யாரோ ஒரு புண்ணியவானின் சிமெண்டுக் கல்லறைமேல் உட்கார்ந்து, தாடை நரம்புகளைப் பற்றிப் படிப்பேன். முதலில் பயந்த ஊர்க்காரர்கள் பிறகு பழகிவிட்டார்கள். எங்கள் பங்குச் சாமியார் மட்டும் ஞாயிறு பூசையில், "நம் மகள் மெர்சியின் தேர்வுக்காக மன்றாடுவோம்" என்று என் பெயரைச் சொல்லியே ஜெபிப்பார். நல்ல மனுஷர். ஆனால் அதனால் நான் தோற்ற விஷயமும் ஒவ்வொரு முறையும் பீடத்தின் வழியாகவே ஊருக்குத் தெரிந்தது.

ரிசல்ட் அன்று மத்தியானம்வரை வரவில்லை. நான் காலையிலிருந்தே கல்லறையில்தான் இருந்தேன். மூன்று அடி தள்ளிப் புதிதாக ஒரு குழி வெட்டியிருந்தார்கள். யாருக்கு, எப்போது என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. வெட்டிப் போட்ட மண் புத்தகத்தில் படுகிறதே என்று எரிச்சல்தான் வந்தது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, போனையே தேய்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்கு மேல் பக்கம் திறந்தது. கட்-ஆஃபுக்கு மூன்று மதிப்பெண் குறைவு. ஒரே ஒரு கேள்வி. எந்தக் கேள்வி என்றும் எனக்குத் தெரியும். எந்த எச்சில் சுரப்பியில் கல் அதிகமாக உண்டாகும் என்று கேட்டிருந்தார்கள். தாடைக்கு அடியில் இருப்பது என்று சரியாகக் குறித்துவிட்டு, கடைசி நிமிஷத்தில் மேதாவித்தனமாக யோசித்து, காதுக்கு முன்னால் இருப்பது என்று மாற்றிவிட்டு வந்திருந்தேன்.

அழுதேன். வாயைப் பிளந்துகொண்டு, மூக்கு ஒழுக, கல்லறையில் குப்புறக் கவிழ்ந்து அழுதேன். காதில் ஹெட்போன் இருந்ததால் நான் எவ்வளவு சத்தமாக அழுகிறேன் என்பதும் எனக்குத் தெரியவில்லை, கோவில் மணி அடித்ததும் தெரியவில்லை, நாற்பது ஐம்பது பேர் சவப்பெட்டியோடு வந்து நின்றதும் தெரியவில்லை.

யாரோ தோளைத் தொட்டார்கள். கண்ணாடி போட்ட ஒரு பெரியம்மா. ஹெட்போனை அவரே எடுத்துவிட்டு, "அழுவாத கண்ணு, அழுவாத" என்று என்னைக் கட்டிக்கொண்டார். மூன்று வருஷத்தில் என்னை யாரும் அப்படிக் கட்டிக்கொண்டதில்லை. அணை உடைந்துவிட்டது.

"மூணு வருசமா இங்கயே காத்துக் கெடந்தேனே! எல்லாம் மண்ணாப் போச்சே! ஐயோ, அப்பா! அப்பா!"

நான் கூப்பிட்டது என் அப்பாவை. அந்த மனுஷரின் முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான் அழுதேன். ஆனால் கூட்டத்துக்கு அது தெரியாதே. எங்கள் சாமியாரின் ஜெபம் பாதியில் நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு பெட்டியைப் பார்த்தார்கள். பிறகு, பெட்டியின் தலைமாட்டில் நின்ற வெள்ளைச் சேலைக்காரம்மாவைப் பார்த்தார்கள்.

பெட்டியில் இருந்தவர் அந்தோணிசாமி என்கிற பஸ் டிரைவர். சொந்த ஊர் இதுதான் என்றாலும் குடும்பம் சேலத்தில். வேலையில் இருந்த காலமெல்லாம் சேலத்திலிருந்து குப்பனூர் வழியாக மலைமேல் வாழவந்திக்கு வரும் பஸ்ஸை ஓட்டியவர். அது நைட் ஹால்ட் பஸ். வாரத்தில் மூன்று ராத்திரி அவர் மலையில்தான் தங்குவார். அந்த மூன்று ராத்திரிகளைப் பற்றி அவர் மனைவி தெரசம்மாளுக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தவை. அப்போது தெரிந்ததெல்லாம், அந்த அம்மா என் பக்கத்தில் வந்து, என் மோவாயைத் தூக்கி, மூக்கையும் நெற்றியையும் நிதானமாக உற்றுப் பார்த்ததுதான்.

"நீ யாரு சாமி? உங்கூடு எங்க இருக்குது?"

விக்கலில் எனக்குப் பேச்சு வரவில்லை. கையை நீட்டிப் பள்ளத்தைக் காட்டினேன்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றார் தெரசம்மாள், பெட்டியைப் பார்த்து.

அவருடைய இரண்டு மகன்களும் அதுவரை சும்மா நின்றிருந்தார்கள். ஒருவர் கடிகாரத்தையும் ஒருவர் போனையும் பார்த்துக்கொண்டு. இப்போது இருவருக்கும் உயிர் வந்தது. "சொத்துக்கு வந்திருக்குதா இது?" என்று ஒருவர் கத்தினார். சாமியார் குறுக்கே புகுந்து, "இல்லீங்க, இது நம்ம ரைட்டர் பொண்ணுங்க" என்று விளக்கப் பார்த்தார். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. ரைட்டரின் மனைவி யார், எந்த ஊர், எத்தனை வருஷமாக இந்த மலையில் இருக்கிறார் என்றெல்லாம் கூட்டத்தில் விசாரணை தொடங்கிவிட்டது.

இதற்குள் யாரோ எங்கள் வீட்டுக்கு ஓடி, "உங்க பொண்ணு செத்துப்போன டிரைவரை அப்பான்னு கூப்பிட்டு அழுவுதுங்க" என்று அம்மாவிடம் சொல்லியாயிற்று. அம்மா இட்லி மாவு ஒட்டிய கையோடு மேடேறி வந்தார். வந்த வேகத்தில் என் முதுகில் ஒன்று வைத்தார்.

"ஏண்டி, யாருடி உங்கப்பன்?"

அந்தக் கேள்வியை அத்தனை பேர் முன்னால், ஒரு பிணத்தின் பக்கத்தில் நின்று, எந்தத் தாயும் கேட்டிருக்க மாட்டார்.

அப்பா பின்னால் வந்தார். வேலையிடத்திலிருந்து நேராக வந்திருந்தார்; ஆள் வருகை எழுதும் செக்ரோல் நோட்டு இன்னும் கக்கத்தில் இருந்தது. கூட்டத்தையோ பெட்டியையோ அவர் பார்க்கவில்லை. என் கையிலிருந்த போனைத்தான் பார்த்தார்.

"ரிசல்ட் வந்துருச்சா கண்ணு?"

நான் தலையாட்டினேன்.

"எவ்வளவு?"

"போச்சுப்பா. மூணு மார்க்."

இப்படியாக என் மூன்றாவது தோல்வியும் சாமியார், பங்கு மக்கள், சேலத்திலிருந்து வந்த உறவுக்காரர்கள், காலஞ்சென்ற அந்தோணிசாமி ஆகியோர் முன்னிலையில் அறிவிக்கப்பட்டது. யாரோ சிரித்தார்கள். ஒருவர் சிரித்ததும் இன்னும் பலர். மூத்த மகன்கூடச் சிரித்தார். நான் அந்தக் குழியைப் பார்த்தேன். இன்னொரு ஆளுக்கு இடமிருந்தது.

சிரிக்காதவர் தெரசம்மாள் மட்டும். "பரிச்சைக்குப் போயி யாராச்சும் இப்புடி அழுவாங்களா?" என்றார். பிறகு குரலை இறக்கி, "இருக்கட்டும். நான் பெத்த ரெண்டும் ஒரு சொட்டுத் தண்ணி உடல. நீயாச்சும் அழுதியே" என்று சொல்லி, என் கையில் ஒரு பிடி மண்ணைத் திணித்தார். மறுக்க எனக்குத் தெம்பில்லை. முன்பின் தெரியாத மனிதருக்கு மகள் முறையில் மண் போட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

நாலாவது முறை எழுதவில்லை. அப்பா எழுதச் சொல்லவும் இல்லை, வேண்டாமென்று சொல்லவும் இல்லை. ஒருநாள் சுவரில் இருந்த காகிதத்தைக் கிழியாமல் உரித்து மடித்து எங்கோ வைத்துவிட்டார். என்னோடு படித்தவர்கள் இன்று பெரிய நகரங்களில் பல்லுக்குக் கம்பி கட்டும் நிபுணர்கள். அவர்கள் அனுப்பும் மாநாட்டுப் படங்களுக்கு நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறேன். அந்த விரலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. நான் சேலத்தில் ஒரு டாக்டரிடம் சில வருஷம் இருந்துவிட்டு, ஏற்காட்டில் ஒரே நாற்காலி போட்ட சின்ன கிளினிக் வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் பஸ் ஹாரன் கேட்டால் போதும், "அக்கா, உங்கப்பா கூப்புடறாரு" என்பான் தம்பி. அவன் கல்யாணத்தில் மாமனார் வீட்டாருக்கு என்னை அறிமுகப்படுத்தும்போதும் இந்தக் கதையைத்தான் சொன்னான்.

தெரசம்மாள் வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு மலைக்கு வருகிறார். மெழுகுவத்தி ஏற்றும்போது என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறார். முதல் வருஷம் மறுத்துப் பார்த்தேன், இரண்டாம் வருஷம் மார்க் ஷீட்டையே காட்டினேன். அதைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் எடுத்திருக்கற" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

போன மாதம் பல்செட் வைத்துக்கொள்ள என் கிளினிக்குக்கு வந்தார். காத்திருந்த நோயாளிகளிடம், "எங்கூட்டுப் பொண்ணுதானுங்க, நொம்ப நல்லாப் பாக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தது உள்ளே எனக்குக் கேட்டது. செட்டை மாட்டிக் கண்ணாடியைக் கொடுத்தேன். இப்படியும் அப்படியும் சிரித்துப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்து, நர்ஸ் காதில் விழாதபடி சொன்னார்:

"உங்கம்மா மேல எனக்கு ஒரு கோவமும் இல்லைன்னு சொல்லு சாமி."

சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டு, அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன்.